உக்ரூல் பாதையில் கிரகணம்

ஜூன் 27, 1944

நாட்குறிப்பு வைத்திருக்கக் கூடாது என்பது உத்தரவு. எதிரி கையில் சிக்கினால் ஆபத்தாம். இதைப் படித்து ஜப்பான்காரன் தெரிந்துகொள்ளப் போவது, மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றில் இரண்டு பட்டை நாயக் ஞானாபரணம் என்பவனுக்கு அட்டை கடித்துக் கால் வீங்கியிருக்கிறது என்பதைத்தான். எழுதாமல் விட்டால் நேற்று நடந்ததும் போன வாரம் நடந்ததும் தலைக்குள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. அதனால் எழுதுகிறேன்.

மணிப்பூரில் உக்ரூல் போகும் மலைப் பாதையில் இருக்கிறோம். ஜப்பான்காரன் பின்வாங்குகிறான். சண்டைப் படை அவனை விரட்டிக்கொண்டு முன்னால் போகிறது. நாங்கள் பின்னால் பாதையைச் சரிசெய்துகொண்டு போகிறோம். கண்ணிவெடி எடுப்பது, பாலம் போடுவது, பிணம் புதைப்பது.

இன்று ஒரு பதுங்குகுழியை மூடப் போனோம். உள்ளே எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தோம். ஒருவன் மட்டும் தவழ்ந்து வெளியே வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். கையில் வெடிகுண்டு. எங்கள்மேல் எறிவான் என்று தரையில் விழுந்து படுத்தோம். அவன் எறியவில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்தான். வெடித்தது.

எங்கள் செக்‌ஷன் லாசர் முகமெல்லாம் ரத்தம். அவனுடையது அல்ல. ஓடையில் கழுவிக்கொண்டு வந்து சோறு தின்றான். நானும் தின்றேன்.

ஜூன் 29

மழை சற்று விட்டது. கோதண்டம் கடிதம் எழுதினான்.

கோதண்டமும் லாசரும் ராணிப்பேட்டையில் ஒரே தெருக்காரர்கள். ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். போன வருஷம் லாசருக்கு மலேரியா முற்றியபோது, லாரி வராத பாதையில் கோதண்டம்தான் அவனை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். லாசர் அதைப் பற்றிப் பேசமாட்டான். ஆனால் கோதண்டம் சாப்பிட்டானா என்று பார்க்காமல் தான் சாப்பிடமாட்டான்.

கோதண்டத்துக்கு ஆகாயப் பைத்தியம். தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் மாயவரத்திலிருந்து அலமேலு என்ற அம்மாள் நட்சத்திரங்களைப் பற்றி எழுதுகிறார். பட்டாளத்துக்காரர்கள் எங்கெங்கிருந்தோ அவருக்குக் கடிதம் போடுகிறார்கள். இத்தாலியில் இருக்கும் ஒரு டிரைவர், துருவ நட்சத்திரம் ஊரில் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிறதே, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கேட்டிருந்தாராம். கோதண்டம் அந்தப் பக்கத்தைக் கிழித்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறான்.

இன்றைய கடிதத்தில், விருச்சிகம் இந்த மலை முகட்டில் வாலை ஊன்றி நிற்கிறது என்று எழுதினான். எங்கள் தமிழ்க் கடிதங்களையெல்லாம் லெப்டினன்ட் பூவராகன்தான் படித்து அனுப்புகிறார். ஒரு வரி விடாமல் படிப்பார். இடம் தெரிகிற மாதிரி எது இருந்தாலும் கறுப்பு மையால் அடித்துவிடுவார்.

"விருச்சிகத்தையும் அடிச்சிடப் போறாரு பாரு" என்றான் லாசர்.

"அத்த அடிக்க அந்த மை பத்தாதுடா" என்றான் கோதண்டம்.

ஜூலை 2

மழை. எல்லாருக்கும் மலேரியாவுக்கு மஞ்சள் மாத்திரை. லாசர் துப்பிவிட்டான். பிடித்து விழுங்க வைத்தேன்.

ஜூலை 5

ஜப்பானியர் விட்டுப்போன ஆஸ்பத்திரி. மூங்கில் கொட்டகைதான். நடக்க முடியாதவர்களை அவர்களே சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் நெற்றியில் ஒன்று. வரிசையாகக் கிடந்தார்கள். ஒருவனுக்குக் குண்டு தாடையில் பட்டிருந்தது. உயிர் இருந்தது. எங்களைப் பார்த்ததும் தன் நெற்றியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

சுபேதார் பரஞ்சோதி எங்களை வெளியே போகச் சொன்னார். ஒரு சத்தம் கேட்டது. வெளியே வந்து, "எண்ணெய ஊத்திக் கொளுத்துங்கப்பா" என்றார்.

கோதண்டம் இன்று வானத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 8

கோதண்டம் மறுபடி வானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். இருபதாம் தேதி சூரிய கிரகணம். பர்மாவில் தெற்கே வளையமாகத் தெரியுமாம். இங்கே முக்கால் பங்குக்கு மேல் மறையுமாம். உடைந்த லாரிக் கண்ணாடித் துண்டு ஒன்றை விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கி வைத்திருக்கிறான்.

"மழைக்காலத்துல என்னாத்த தெரியும்? மேகம் மூடிக்கும்" என்றான் லாசர்.

"மெல்லிசா மேகம் இருந்தா இன்னும் நல்லது. கண்ணு கூசாது."

"பகல்ல இருட்டினா ஜப்பான்காரன் வந்துடுவான்டா."

"அவனும் மேலதான் பாப்பான். அவனுக்கு மட்டும் கண்ணு இல்லியா?"

ஜூலை 11

கோதண்டம் போய்விட்டான்.

மரப்பாலத்து ஓடை என்று நாங்கள் சொல்கிற இடம். பாலத்தை எரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இக்கரையில் கண்ணி எடுத்துவிட்டு அக்கரைக்குப் போனோம். கோதண்டம் மண்டியிட்டுப் பயனெட்டைச் சாய்த்துக் குத்திக்குத்திப் பார்த்துக்கொண்டு முன்னால் போனான். ஒன்று தட்டுப்பட்டது. கையால் சேற்றை விலக்கினான். "பழைய மாடல்தான்" என்றான். தூக்கினான். அதன் அடியில் இன்னொன்றைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

நான் பின்னால் இருந்தேன். சேறு என்னை மூடியது. எழுந்து பார்த்தபோது லாசர் ஓடிக்கொண்டிருந்தான். கண்ணி இன்னும் இருக்கிறது என்று கத்தினேன். அவன் கேட்கவில்லை.

இரண்டு கையும் இல்லை. வயிறு திறந்திருந்தது. லாசர் தன் சட்டையைக் கழற்றி உள்ளே வைத்து அழுத்தினான். சட்டை போதவில்லை. என் சட்டையையும் கொடுத்தேன். கோதண்டம் கத்திக்கொண்டே இருந்தான். மார்பியா ஊசி பின்னால் இருக்கிற ஆம்புலன்சில்தான் இருந்தது. அது வந்து சேர்வதற்குள் கத்தல் முனகலாகிவிட்டது. அது வந்தபோது முனகலும் இல்லை.

ஜூலை 12

கோதண்டத்தின் மனைவிக்குக் கடிதம் எழுதினேன். ஒரு நொடியில் முடிந்துவிட்டது, வலி தெரிந்திருக்காது என்று எழுதினேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

 லாசர், கோதண்டத்தின் பையிலிருந்து புகைக் கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூலை 14

தபால் வந்தது. கோதண்டம் பெயருக்கு மாயவரத்திலிருந்து ஒரு கடிதம். செத்தவன் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். லெப்டினன்ட் என்னிடம் கொடுத்து, "நீயே பதில் போட்டுடு" என்றார். பிரித்தேன்.

"வானத்தைத் தங்களுக்குக் கற்றுத்தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் பண்டிதை அல்ல. உங்களைப் போலப் பார்ப்பவள்தான். எங்கள் வீட்டு மாடியில் தென்னை மறைக்காத மூலை ஒன்று இருக்கிறது, அவ்வளவே. வரும் கிரகணத்தை நான் முழுமையாகப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கிறேன். தாங்கள் அருகே இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சூரியன் எந்தப் பக்கத்திலிருந்து மறையத் தொடங்கியது, எவ்வளவு மறைந்தது என்று எழுதுங்கள். வெளிச்சம் குறைந்த வேளையில் பறவைகளும் மிருகங்களும் மனிதர்களும் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்."

லாசருக்கு வாசித்துக் காட்டினேன். "நீ பாத்து எழுது" என்றான். மூன்று நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஜூலை 16

அக்கரையில் கண்ணி இருப்பதால் வேலை நின்றுவிட்டது. பீரங்கிகளும் ஆம்புலன்சும் பின்னால் வரிசையாக நிற்கின்றன. முன்னால் காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து காட்டு வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். வழியிலேயே பாதிப் பேர் சாகிறார்கள். கூர்க்கா ஒருவன் குடலைத் தன் தொப்பியில் ஏந்திக்கொண்டு நடந்தே வந்தான். எங்கள் அடுப்பருகே உட்கார்ந்து தேநீர் கேட்டான். குடித்து முடிக்கவில்லை.

மாலையில் மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. தமிழ்.

"சுடாதீங்கண்ணே! தமிழாளுங்கண்ணே!"

கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஐ.என்.ஏ. சட்டை. காலில் செருப்பு இல்லை, சாக்குத் துணி சுற்றியிருந்தான். பேர் சடையன் என்றான். மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக்காரன். ஜப்பான்காரன் கூட்டத்திலிருந்து ஓடிவந்து எட்டு நாளாகப் புல்லைத் தின்றுகொண்டு ஒளிந்திருக்கிறான்.

சுபேதார், "இங்க என்ன வேல பாத்த?" என்று கேட்டார்.

"பெட்டி தூக்குனேங்கய்யா."

"என்ன பெட்டி?"

அவன் யோசிக்காமல் சொல்லிவிட்டான். "கண்ணிப் பெட்டிங்க. அந்த ஓடையில பொதைச்சாங்கல்ல, அதுங்க."

லாசர் மண்வெட்டியால் அடித்தான். முதல் அடி தோளில். இரண்டாவது அடி காதோடு. மூன்றாவது அடிக்குள் நாங்கள் நாலு பேர் லாசர்மேல் விழுந்து அமுக்கினோம். சடையன் காது தொங்கியது. தைத்துவிட்டார்கள்.

சுபேதார் எல்லார் முன்னாலும் சொன்னார்: "கைதி இம்பாலுக்குப் போற வரைக்கும் லாசர் கையில துப்பாக்கி இருக்கக் கூடாது. கொடுத்தவன் பட்டையக் கழட்டிடுவேன்."

ஜூலை 17

காவல் என்னுடையது. சடையன் வாயை மூடுவதே இல்லை. பசியில் பேசுகிறானா பயத்தில் பேசுகிறானா தெரியவில்லை. பிஸ்கட் கொடுத்தேன். தண்ணீரில் ஊறவைத்துத் தின்றான். பல் ஆடுகிறதாம்.

"ஏண்டே இதுல போய்ச் சேந்த?"

"சயாம்ல ரயில் பாதை போட ஜப்பான்காரங்க ஆள் புடிச்சாங்கண்ணே. எங்க லயத்துல போனவங்க ஒருத்தரும் திரும்பல. எங்கய்யாவயும் புடிச்சாங்க. பட்டாளத்துல சேந்தா ரயிலுக்குக் கொண்டுபோக மாட்டாங்கன்னு சொன்னாங்க. சேந்துட்டேன்."

"சுதந்தரம் வாங்கப் போறேன்னு சொல்லுதாங்களே?"

"அதுவும் இருந்துச்சுண்ணே" என்றான். பிறகு, "அது தப்பாண்ணே?" என்று கேட்டான்.

 கண்ணி புதைத்த இடம் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். பக்கத்துலயே நின்னேன். காட்டறேண்ணே. காட்டுனா விட்ருவாங்களா?"

"விட்ருவாங்க" என்றேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 19

லெப்டினன்ட் சம்மதித்துவிட்டார். நாளைக் காலை சடையனைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போகிறோம். நானும் லாசரும். பயனெட் வைத்து மண்ணைப் பார்ப்பதில் கோதண்டத்துக்கு அடுத்தவன் லாசர்தான், வேறு ஆள் இல்லை. இருந்தாலும் சுபேதார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரைபிள் ஒண்ணே ஒண்ணுதான். அது உன் தோள்லயே இருக்கணும்" என்றார். சரி என்றேன்.

லாசர் பயனெட்டைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவன் கோதண்டத்தக் கொன்னான்" என்றான்.

"பெட்டிதான் தூக்கினானாம்."

"நீ என்னா சொல்றே? அவன விட்ரணும்ங்கிறியா?"

நேரமாகிவிட்டது, தூங்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 20

உள்ளது உள்ளபடி.

மழை இல்லை. மெல்லிய மேகம். சடையன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை என் பெல்டில் கட்டிக்கொண்டேன். ஓடையைக் கடந்தோம். அவன் முன்னால், லாசர் நடுவில், நான் பின்னால். சடையன் நின்று யோசித்துக் கையை நீட்டுவான். "இந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம்." லாசர் மண்டியிட்டுக் குத்திப் பார்ப்பான். அவன் சொன்ன இடத்தில் இருக்கும். ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது என்பதையும் அவன்தான் சொன்னான். கோதண்டம் விழுந்த பள்ளத்தைத் தாண்டும்போது லாசர் நின்றான். நான் "போலே" என்றேன். போனான்.

நடுப்பகலை ஒட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று தோன்றியது. வெளிச்சம் மாறிவிட்டிருந்தது. மாலை மாதிரி மஞ்சளாக இல்லை. ஈயம் பூசினது போல இருந்தது. மூங்கிலில் கத்திக்கொண்டிருந்த பூச்சிகள் ஒவ்வொன்றாக நின்றன. காற்று குளிர்ந்தது. வேலையை நிறுத்தச் சொன்னேன்.

ஒரு கையில் கண்ணாடி, ஒரு கையில் பென்சில். இரண்டு கையும் வேண்டியிருந்தது. ரைபிள் தோளில் நழுவிக்கொண்டே இருந்தது. லாசர் அதை வாங்கிக்கொண்டான். கயிற்றையும் பெல்டிலிருந்து அவிழ்த்து ஒரு மரத்தில் கட்டினேன், அண்ணாந்து பார்க்க இடைஞ்சலாக இருந்ததால்.

சூரியன் வலப்பக்கத்திலிருந்து மறைந்து வந்தது. அப்போது இடப்பக்கம் பிறைபோல ஒரு கீற்று மட்டும் மிச்சம். மேகம் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்னண்ணே?" என்று சடையன் கேட்டான். கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்தான்.

"யாரோ கடிச்சுட்ட மாதிரி இருக்கே!" என்று சிரித்தான். தைத்த காதில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் அது வலிக்கும் போல.

அந்த நேரத்தில் மேகம் விலகியது. மூங்கில் இலைகளுக்கிடையே விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாகத் தரையில் விழுந்தது. சேறு முழுவதும் பிறைகள். "இங்க பாருங்கண்ணே, இங்க பாருங்க" என்று சடையன் குனிந்து கையை நீட்டிப் பிடித்தான். அவன் முதுகிலும் பிறைகள் இருந்தன. நான் அதைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

லாசர் சுட்டான்.

சடையன் முட்டி போட்டான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான். நான் ஓடிப்போய்த் திருப்பினேன். மார்பில் வெளியே வந்த ஓட்டை கை நுழையும் அளவு இருந்தது. வாயில் ரத்தம் நுரைத்தது. அவன் என்னைத்தான் பார்த்தான். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"கண்ணிய மிதிச்சிட்டனாண்ணே?" என்றான்.

"ஆமாடே. கண்ணிதான்" என்றேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு நெனச்சேனே" என்றான். அதற்குமேல் பேச வரவில்லை. கால் இரண்டும் வெகுநேரம் சேற்றை உதைத்துக்கொண்டிருந்தன.

லாசர் பயனெட்டால் கயிற்றை அறுத்தான். ரைபிளை என்னிடம் நீட்டினான். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். வெளிச்சம் திரும்பி வந்துகொண்டிருந்தது. பூச்சிகள் மறுபடி கத்தத் தொடங்கின.

ஜூலை 21

தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டான் என்று சுபேதார் எழுதிக் கொண்டுவந்தார். அறுந்த கயிற்றைப் பார்த்தார். என் ரைபிளைப் பார்த்தார். யார் சுட்டது என்று கேட்கவில்லை.

"ஒரு கையெழுத்துப் போடுப்பா. செத்தவன் எந்தப் பக்கத்து ஆளு? அவனுக்காக நம்ம பையன் ஒருத்தனத் தூக்குல ஏத்தணுமா?"

போட்டேன்.

மத்தியானம் அந்தக் கரை முழுவதையும் வேறு ஒரு செக்‌ஷன் மறுபடி குத்திப் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. மரம் இறக்கிப் பாலம் போடத் தொடங்கிவிட்டோம்.

ஜூலை 22

மாயவரத்து அம்மாளுக்குக் கடிதம் எழுதி முடித்தேன். கோதண்டம் இறந்ததைச் சொன்னேன். சூரியன் மறைந்த விதம், குளிர், பூச்சிகள், பிறைகள் எல்லாம் எழுதினேன். அவர் கேட்டிருந்த கடைசிக் கேள்விக்கு இப்படி எழுதினேன்:

"பறவைகள் ஏற்கெனவே பீரங்கிச் சத்தத்தில் போய்விட்டன, அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மனிதர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவன் கைதி. அவன் தரையில் விழுந்த பிறைகளைக் கையில் ஏந்திக்கொண்டிருந்தான். ஒருவன் அவனை முதுகில் சுட்டான். கைதி ஓடவில்லை. அவனைக் கயிற்றால் மரத்தில் கட்டியிருந்தது. மூன்றாவது மனிதன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான்."

ஒட்டித் தபால் பெட்டியில் போட்டேன். ஒட்டக் கூடாது என்று பிறகுதான் நினைவு வந்தது. எடுத்துப் பிரித்துப் போட்டேன்.

ஜூலை 23

பாலம் முடிந்தது. முதலில் ஆம்புலன்ஸ் வரிசை போனது. பிறகு பீரங்கிகள். அக்கரைக்குக் கூடாரத்தை மாற்றிவிட்டோம்.

ஜூலை 25

லெப்டினன்ட் பூவராகன் கூப்பிட்டார். மேஜைமேல் என் கடிதம். கறுப்பு மைப் புட்டி மூடியே இருந்தது.

"இது நெசமா?"

"ஆமா சார்."

"நாலு நாள் முன்னாடி வேற மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கியே."

"ஆமா சார்."

"நான்தான் படிப்பேன்னு உனக்குத் தெரியும் இல்ல?"

எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படித்தான் சொன்னேன்.  அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேஜரைப் பார்க்கப் போனார்.

ஜூலை 26

லாசரைக் காவலில் வைத்துவிட்டார்கள். கம்பெனியில் என்னோடு ஒருவரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சுபேதார் என்னைக் கடந்துபோகும்போது தரையில் துப்பினார். என் படுக்கையில் யாரோ ஒன்றுக்குப் போயிருக்கிறார்கள்.

ஜூலை 27

விசாரணை. மேஜர் இங்கிலீஷ்காரர். லெப்டினன்ட் மொழிபெயர்த்தார். கடிதத்தை வாசித்தார்கள். பிறகு லாசரைக் கேட்டார்கள்.

லாசர் எதையும் மறுக்கவில்லை. "நான்தான் சுட்டேன். கோதண்டத்துக்காகச் சுட்டேன். திரும்பவும் சுடுவேன்" என்றான்.

துப்பாக்கி எப்படிக் கிடைத்தது என்று மேஜர் கேட்டார்.

லாசர் என் பக்கம் திரும்பினான். கோபமாக இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற முகம்.

"அவன்தான் சார் குடுத்தான். நான் கேக்கவே இல்ல. தோள்லருந்து எறக்கி அவனா நீட்டினான். அவன் நீட்டினப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துது."

லெப்டினன்ட் அதை மொழிபெயர்க்கச் சிறிது நேரம் எடுத்துக்கொண்டார்.

அப்படித்தானா என்று மேஜர் என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். கொடுக்கக் கூடாது என்ற உத்தரவு தெரியுமா? தெரியும். பிறகு ஏன் கொடுத்தாய்?

சூரியனைப் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். லாசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோதண்டம் எனக்கும் சிநேகிதன், சார்" என்றேன்.

லெப்டினன்ட் மொழிபெயர்த்தார். மேஜர் எழுதிக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 28

பட்டையைக் கழற்றிவிட்டார்கள். என்னையும் லாசரையும் இம்பாலுக்கு அனுப்புகிறார்கள். அங்கே கோர்ட் மார்ஷல். லாசருக்குத் தூக்கு இருக்காது, பத்து வருஷம் கிடைக்கலாம் என்று காவல்காரன் சொன்னான். எனக்கு என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதத்தை அனுப்ப முடியாது, சாட்சியமாகிவிட்டது என்றார் லெப்டினன்ட். சூரியனைப் பற்றி மட்டும் வேறொரு தாளில் எழுதிக் கொடுத்தால் அனுப்புவதாகச் சொன்னார். தாளை வாங்கினேன். எந்தப் பக்கத்திலிருந்து மறையத் தொடங்கியது என்று எழுதினேன். எவ்வளவு மறைந்தது என்று எழுதினேன். மேலே எழுத முடியவில்லை. அவ்வளவையே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 30

காலையில் லாரியில் ஏற்றினார்கள். எதிரெதிர்ப் பலகையில் நானும் லாசரும். அவன் கையில் விலங்கு. எனக்கு விலங்கு போடவில்லை. நடுவில் இரண்டு காவல்காரர்கள். நல்ல மழை.

மரப்பாலத்து ஓடை நெருங்கியதும் டிரைவர் வேகத்தைக் குறைத்தான். ஒரு வாரமாக நூற்றுக்கணக்கான லாரிகள் போய் வந்த பாதைதான். இருந்தாலும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காவல்காரர்களில் ஒருவன் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அவன் எல்லாத்தையும் காட்டிட்டானா?" என்று லாசர் கேட்டான்.

"அப்படித்தான் நெனச்சான்" என்றேன்.

"சொல்லி முடிச்சானா?"

"முடிக்கல."

லாரி சேற்றில் ஒருமுறை வழுக்கிப் பாதையின் ஓரத்துக்கு, யாரும் மிதிக்காத புல்லின்மேல் போனது. லாசர் கண்ணை மூடிக்கொண்டான். விலங்கு மாட்டிய இரண்டு கையையும் நீட்டி என் முழங்காலைப் பிடித்தான். நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன். சக்கரம் புல்லை அரைத்துக்கொண்டு திரும்பிப் பாதைக்கு ஏறியது. பாலத்து மரத்தில் ஏறித் தடதடத்தது. மறுகரையில் இறங்கியது.

லாசர் கையை எடுக்கவில்லை. காவல்காரன் எடுக்கச் சொன்ன பிறகுதான் எடுத்தான்.